கச்சேரியின் நடுவே ஒரு கொய்யா மரம்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது அச்சில் வருகிறதே என்பதற்காக நாகரிகமாகச் சொல்வது. உண்மையில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போலிருக்கும். கருட சேவைக்கு நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டு வருவார். அவருக்கு நான்கடி பின்னால் ஒருவர், சம்பந்தி வீட்டில் போட்ட வடையில் உப்பில்லை என்பதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வருவார். யோவ், வடை எங்கே போய்விடப்போகிறது? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிறவர்களைக்கூட மன்னித்துவிடுவேன், போய்த் தொலைகிறார்களே. உட்கார்ந்துகொண்டு பேசுகிறவனுக்கு என்னிடம் மன்னிப்பே கிடையாது.

இந்த ஆத்திரத்தில் நான் ஒரு மனிதரின் குரலையே அழித்திருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே, மவுஸைப் பிடித்துக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தேன். அதற்காக எனக்குப் பிரியாணியும் போட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தொழில், பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது. கரையில் அன்னம், முந்தானையில் யானை என்று கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். அதை அட்டையில் துளைகளாக அடித்துத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். இந்த வேலையில் வரைவது பாதிதான். மீதிப் பாதி, புள்ளி பொறுக்குவது. பழைய டிசைனை ஸ்கேன் செய்தால் ஏதோ ஒரு கட்டத்தில் வேண்டாத புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். கவனிக்காமல் விட்டால் புடவை நெடுக ஒவ்வொரு அன்னத்தின் மூக்கிலும் ஒரு மரு இருக்கும். அதனால் வேண்டாத புள்ளியைக் கண்டால் எடுத்துவிடுவது எனக்குக் கைப்பழக்கம். (கல்யாணமான புதிதில் என் மனைவி செல்வி குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகளை எல்லாம் நான் பொறுக்கிப் பொறுக்கிக் குப்பையில் போட்டதாக இன்றைக்கும் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கிறது.)

இன்னொரு வியாதி, ராக் இசை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவனுக்கு, நீளமாக முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்களை எப்படிப் பிடித்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. கல்லூரியில் ஒருத்தன் போட்டுக் காட்டினான், விழுந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய பேண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விவகாரத்தில் அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது, அவர்களை இழுப்பானேன்.

கடையில் விற்கும் ஆல்பத்தைக் கேட்பது சாதாரண ரசிகனுக்குப் போதும். எங்களைப் போல முற்றிப்போனவர்களுக்குப் போதாது. அந்தக் காலத்தில் கச்சேரி பார்க்கப்போன யாராவது ஒரு புண்ணியவான் கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு போய், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே பதிவு செய்திருப்பான். அந்தப் பதிவுகளைத் தேடி உலகம் முழுக்க ஒரு கூட்டம் அலைகிறது. இணையத்தில் அவர்களுக்கு ஒரு குழு உண்டு. நானும் அதில் இருந்தேன், கடைசி பெஞ்சில். எல்லோரும் எதையாவது கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிக்கொள்வேன். எழுபதுகளில் அந்த பேண்ட் ஜப்பானில் ஐந்து நாள் வாசித்தது. நான்கு நாளுக்குப் பதிவு இருந்தது. ஒசாகாவில் இரண்டாம் நாள் நடந்ததற்கு மட்டும் இல்லை. அன்றைக்குத்தான் கிடார்காரர் அதற்கு முன்னும் பின்னும் வாசிக்காத எதையோ வாசித்தார் என்று எங்கள் குழுவில் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த இரண்டாம் நாள் எங்கள் ஊரில், கரீம் பாய் வீட்டில், பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது.

கரீம் பாய் பட்டுக்கடைக்காரர். என்னிடம் டிசைன் வாங்குகிறவர். நான் அவரோடு பழகத் தொடங்குவதற்கு முன்பே தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. சொல்லவேண்டியதைப் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும். இன்னும் கோபம் வந்தால் பென்சில் முனை உடையும். என் டிசைன்களில் பாதியை அவர் முனை உடைத்துத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஒருநாள் டிசைன் காட்ட அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து ஷோகேஸில் ஒரு ஜப்பான் பொம்மை, அதன் காலடியில் பழுத்துப்போன டிக்கெட் ஒன்று. ஜப்பான் எழுத்துக்கு நடுவே ஆங்கிலத்தில் பேண்டின் பெயர். ஓரத்தில் தேதி. 

"பாய், இந்தக் கச்சேரிக்கு நீங்க போனீங்களா?"

பாய் எழுதினார்: "போனேன். தலைவலி."

மீதியை அவர் மனைவி சொன்னார். எல்லோரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் பாயை அவருடைய முதலாளி ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஒரு பட்டுக் கண்காட்சி. கூட ஒரு தறியும் இரண்டு நெசவாளர்களும். கண்காட்சி நடத்திய ஜப்பான்காரர் மரியாதைக்கு ஒரு டிக்கெட் கொடுத்திருக்கிறார். வெளிநாடு போனவர்கள் காகிதத்தில் கடிதம் எழுதாமல் கேசட்டில் பேசி அனுப்புகிற காலம் அது. பாயும் ஒரு ரெக்கார்டர் வாங்கி, புது மனைவிக்குப் பேசி அனுப்பியிருக்கிறார். அந்தக் கச்சேரிக்கும் ரெக்கார்டரோடுதான் போனாராம்.

"அனுப்பி இன்னா பிரயோஜனம்? இங்க வந்து ஓடவே இல்லப்பா. வெறும் கர்ருன்னுது" என்றார் பாயம்மா.

பாய் கசப்போடு தலையாட்டினார். "கொய்யா மரம் போச்சு" என்று எழுதிக் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு குளியலறை இருந்தது. அந்த இடத்தில் அவர் சின்ன வயதில் நட்ட கொய்யா மரம் ஒன்று இருந்ததாம். வெட்டாதே என்று கேசட்டில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் மரம் இல்லை. கேசட் ஓடவில்லையே, நான் என்னத்தைக் கண்டேன் என்று பாயம்மா சொல்லிவிட்டார். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் அந்த வழக்கு அதோடு நின்றிருந்தது.

பாயம்மா உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். கேசட்டை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எதையும் சரி பண்ணிடறாங்களாமே தம்பி. பெருநாளைக்குப் புள்ளைங்க எல்லாம் வருது. அன்னிக்குப் போடணும். பாத்து செய்யுங்க, இது ஒண்ணுதான் இருக்குது."

ஒன்றுதான் இருக்கிறது என்று அவர் சொன்னது பாயின் குரலை. எனக்கு மனதில் இருந்தது ஒசாகாவின் இரண்டாம் நாள். அந்த வீட்டில் பாயின் குரல் வேறெங்கும் கிடையாது. மூத்த மகன் கல்யாண வீடியோ இருந்தது, ஆனால் அதை எடுத்தவர் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார். சின்ன மருமகள் நஸ்ரின் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். மாமனார் எப்படிப் பேசுவார் என்பதே அவளுக்குத் தெரியாது. இதெல்லாம் ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டையில் கிடார் மட்டும்தான் இருந்தது. எதற்குக் கேட்கப்போகிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படிப்பட்ட கச்சேரியை ஒரு மனிதன் வேறு எதற்காகக் கேட்பான்?

மைக் செட் கடையிலிருந்து பழைய டேப் டெக் ஒன்றை இரவல் வாங்கி, கம்ப்யூட்டரோடு ஒயரைச் சொருகினேன். கேசட்டைப் பார்த்தால் டேப் மழுமழுவென்று தேய்ந்து, பழுப்புப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறைகூட ஓடாத கேசட் இப்படித் தேயுமா என்று ஒரு நொடி தோன்றியது. பேராசைக்காரனுக்கு ஒரு நொடிக்கு மேல் எதுவும் தோன்றாது. பொத்தானை அழுத்தினேன்.

கர்ர் என்றது. அப்புறம் ஒரு பெரிய அமைதி. அப்புறம் கிடாரின் முதல் வெட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நாற்பது வருஷமாக யாருமே கேட்காத இசை, பிள்ளையார்பாளையத்தில், என் மேஜையில்.

"ஹலோ. ஹலோ. ஓடுதா? செவப்பு லைட்டு எரியுது. அஸ்ஸலாமு அலைக்கும் மெஹரு. நான் நல்லா இருக்கேன்."

மெஹரு என்பது பாயம்மா. நாற்காலியிலிருந்து விழாத குறை. நியாயத்தைக் கேளுங்கள். வேறு எந்த நாடாக இருந்தாலும் ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாயின் குரல் அமுங்கிப்போயிருக்கும். ஜப்பான்காரர்கள் உத்தமர்கள். பாட்டு முடிகிறவரை மூச்சு விடமாட்டார்கள், முடிந்ததும் ஒழுங்காகக் கைதட்டுவார்கள். அப்படி ஆயிரக்கணக்கான பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரங்கில், காஞ்சிபுரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதுவும் மைக்குக்கு அரையடி தூரத்தில்.

மெதுவான பாட்டில், யார் யாருக்கு சலாம் சொல்லவேண்டும் என்று தெருவாரியாகப் பட்டியல். டிரம்ஸ் தனியாக வாசிக்கும்போது, "இங்க ஒருத்தன் தகரத்தைத் தட்டிக்கினே இருக்கான்மா, நிறுத்த மாட்டேங்கறான்" என்று புகார். அவர்கள் சத்தத்தைக் கூட்டினால் இவரும் கூட்டினார். நடுவில் எதையோ கறுக் கறுக்கென்று தின்றார். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த சோலோ, கிடாரின் தனி ஆவர்த்தனம். உலகமே காத்திருந்த சோலோ. கிடார் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போகிறது, போகிறது, உச்சியைத் தொடப்போகிறது, அங்கே, சரியாக அந்த இடத்தில்:

"மெஹரு, கேளு. அந்தக் கொய்யா மரத்தை மட்டும் வெட்டிடாத."

ஏன் கச்சேரியில் உட்கார்ந்து பேசினார் என்பதற்கும் கேசட்டிலேயே விளக்கம் இருந்தது. மறுநாள் காலையில் நெசவாளர்களில் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். தங்கிய அறையில் பேசலாம்தான். ஆனால் அந்த இரண்டு நெசவாளர்கள் எதிரில் பெண்டாட்டியோடு பேச அவருக்கு வெட்கமாம். ஒசாகா நகரமே எதிரில் உட்கார்ந்திருக்கிறது, அது பரவாயில்லையாம். இதற்கு என்ன சொல்வது? எனக்கு ரத்தம் கொதித்தது. நாற்பது நிமிஷமும் கொதித்தது. கடைசிப் பாட்டின் கைதட்டல் ஓய்ந்ததும் டேப் பட்டென்று அறுந்தது. டெக்கைத் திறந்தால் உள்ளே பழுப்புப் பொடிதான் இருந்தது. அதுதான் அந்தக் கேசட்டின் கடைசி ஓட்டம்.

கொதிப்போடு கொதிப்பாக, சோலோ வருகிற ஆறு நிமிஷத்தை வெட்டி எடுத்துக் குழுவில் போட்டேன். கூடவே, என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நீளமான ஆங்கிலக் கட்டுரை. அற்புதத்தின் நடுவே கொய்யா மரத்தைப் பற்றிப் பேசிய இந்த மூடர் திலகத்தைப் பாருங்கள், இவரைப் போன்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்தவனை என்ன செய்யலாம் என்றெல்லாம். கடைசி பெஞ்சுக்காரனாக இருந்த நான் ஒரே நாளில் முன் வரிசைக்கு வந்தேன். எல்லா தேசத்திலிருந்தும் ஆறுதல் குவிந்தது. மூன்றாம் நாள், ஒரு மனிதரை இப்படிக் கேலி செய்வது விதிக்கு விரோதம் என்று நிர்வாகி என் பதிவைத் தூக்கிவிட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. கச்சேரியில் பேசினவனை விட்டுவிட்டுப் புகார் சொன்னவனைத் தண்டிக்கிறார்களே.

அப்புறம் வேலையில் இறங்கினேன். பேச்சுக் குரலைத் தனியாகப் பிரித்து எடுக்கிற மென்பொருள் ஒன்று கிடைத்தது. அது மிச்சம் வைத்ததை நான் கையால் பொறுக்கினேன். அன்னத்தின் மூக்கில் மருவைப் பொறுக்குகிற அதே கண், அதே கை. சலாம்கள் போயின. தகரப் புகார் போயிற்று. கறுக் கறுக் போயிற்று. கொய்யா மரத்தை வேரோடு எடுத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்டுப் பார்த்தால், கண்ணாடி மாதிரி கச்சேரி. அந்த அரங்கில் பாய் பிறக்கவே இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

பழைய ஃபைல் பெரிதாக இருந்தது. டிசைன் வைக்க இடம் போதவில்லை. சுத்தமானது கையில் இருக்கும்போது அழுக்கு எதற்கு? அதையும் அழித்தேன். அந்த ஆறு நிமிஷத் துண்டையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். (எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.)

பெருநாள் அன்று பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செல்வியையும் அழைத்துக்கொண்டு, பாராட்டு விழாவுக்குப் போகிறவன் மாதிரி போனேன். இரண்டு மகன்கள், மகள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள் என்று கூடம் நிறைந்திருந்தது. பாய் புதுச் சட்டையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதல் தட்டு கொடுத்தார்கள். நெஞ்செலும்பாகப் பொறுக்கி வைத்தார் பாயம்மா.

போட்டேன். கிடார் வெட்டியது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. இதல்லவா ரசனை! இரண்டாம் பாட்டு வந்தது. ஒருவரும் அசையவில்லை. பாய் காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை நாள் இந்த வீட்டைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமே என்று நெகிழ்ந்துபோனேன். மூன்றாம் பாட்டின் நடுவில் நஸ்ரின் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, மாமா எப்ப பேசுவாரு?"

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது. வாயில் கறியோடு, பெருமையாகச் சொன்னேன்: "அதெல்லாம் எடுத்துட்டேன்மா. ஒரு எழுத்துகூட வராது."

 மூத்த மகன் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். பாயம்மா என்னைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடார் அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அந்த பேண்டின் மேல் எனக்கு வெறுப்பு வந்தது அந்த ஒரு தடவைதான். பாய் பில் புத்தகத்தை எடுத்தார். பெரிய எழுத்தாக இருக்கும், முனை உடையும் என்று நான் தயாராக இருந்தேன். சாதாரண எழுத்தில்தான் எழுதிக் காட்டினார்.

"எடுத்து எங்க வெச்சிருக்கே?"

 வைக்கவில்லை பாய், அழித்துவிட்டேன் பாய் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். டேப்பும் அறுந்துபோச்சு என்பதையும் சொன்னேன். பாய் தலையை ஆட்டிக்கொண்டு புத்தகத்தை மூடினார். திட்டியிருந்தால் தேவலை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், அது இன்னும் மோசம்.   வீட்டு வாசலில் வந்ததும் செல்வி கேட்டாள்: "அந்த அம்மா உங்ககிட்ட குடுத்தது பாட்டாங்க?"

அன்று முழுக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம். ஊரெல்லாம் பேசுகிறவனை அடக்க ஆளில்லையே என்று குதித்தவன், பேசவே முடியாத ஒரு மனிதரைப் பார்த்து அடக்கியிருக்கிறேன். அப்போதுதான் அந்த ஆறு நிமிஷம் ஞாபகம் வந்தது. நான் கேலி செய்வதற்காகக் குழுவில் போட்டது. அது அங்கேயும் இல்லை. ஆனால் மூன்று நாள் இருந்ததே, யாராவது இறக்கி வைத்திருக்கமாட்டார்களா?

குழுவில் இன்னொரு கடிதம் எழுதினேன். அந்த மூடர் திலகம் என் ஊர்க்காரர், என் மரியாதைக்குரியவர், இப்போது குரல் இல்லாதவர். உண்மையான மூடன் இதை எழுதுகிறவன். அந்தத் துண்டு யாரிடமாவது இருந்தால் காலில் விழுகிறேன், கொடுங்கள். பத்து நாள் பதில் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் வருந்தினார்கள். எல்லோரும் அழித்துவிட்டிருந்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை என்று நான்தானே எழுதியிருந்தேன்.

பதினோராம் நாள் ஒசாகாவிலிருந்து ஒரு கிழவர் எழுதினார். அவர் அன்றைக்கு அந்த அரங்கில் இருந்தவராம். மாணவர். பாய்க்கு இரண்டு வரிசை பின்னால். தன் வாழ்க்கையின் மகத்தான மாலைப்பொழுதை ஒரு வெளிநாட்டுக்காரர் பெட்டிக்குள் பேசிப் பேசியே நாசம் செய்துவிட்டார் என்று நாற்பது வருஷமாக வீட்டில் சொல்லிவந்திருக்கிறார். அவர் மனைவி நம்பவில்லை. எந்தப் பைத்தியமாவது கச்சேரியில் உட்கார்ந்து அப்படிப் பேசுமா என்று கேட்டிருக்கிறார். அதனால் என் துண்டைக் கண்டதும் ஆதாரமாக இறக்கி, மனைவிக்குப் போட்டுக் காட்டி, பத்திரமாக வைத்திருக்கிறார். இத்தோடு அனுப்பியிருக்கிறேன், அந்த மனிதர் அப்படி என்னதான் சொன்னார் என்று தயவுசெய்து தெரிவிக்கவும் என்று முடித்திருந்தார். முகம் தெரியாத அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. என் ஜாதி அவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். இந்தத் தடவை பெருமை கிடையாது. ஆறு நிமிஷம்தான் பாய் என்று சொல்லிப் போட்டுவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டேன்.

கிடார் மேலே ஏறியது. "மெஹரு, கேளு. அந்தக் கொய்யா மரத்தை மட்டும் வெட்டிடாத. எங்கண்ணன் வெட்டச் சொல்லும், நீ விட்டுடாத. அது நான் நட்டது."

இருபத்திரண்டு வயதுக் குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்த மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இங்க ஒருத்தன் தந்தியை முறுக்கிக்கினே இருக்கான். இழை அறுந்துடும் போல இருக்குது. கண்காட்சியில நம்ம பட்டைப் பொம்பளைங்க தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்கமா. எனக்கு நீ கட்டிக்கினு வந்த அரக்குப் புடவைதான் ஞாபகத்துக்கு வருது."

பாய் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் பாயம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பாயம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரலோடு சேர்ந்து அல்ல, குரலுக்கு இரண்டு வார்த்தை முன்னால். அரக்கு என்று அவர் உதடு சொன்ன பிறகுதான் ஸ்பீக்கர் அரக்கு என்றது. கடைசியில் "சாப்ட்டியா?" என்று அந்த இளம் குரல் கேட்டதும், பாயம்மா பழக்கதோஷம் போலத் தலையை ஆட்டினார்.

பாய் பில் புத்தகத்தைத் திறந்தார். கொட்டை எழுத்து. "நீ கேட்டிருக்கே." முனை உடைந்தது.

பாயம்மா கண்ணைத் திறந்தார். மாட்டிக்கொண்டவர் போலக் கொஞ்சமும் தெரியவில்லை. எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் அதிகக் கோபம் இருந்தது.

"ஆமா, கேட்டேன். வாலாஜாபாத்ல எங்கண்ணன் வூட்டு மிஷின்ல கேட்டேன். போற வாட்டியெல்லாம் கேட்டேன். இப்ப இன்னா அதுக்கு? ஒன்பது பேர் இருந்த வூடு. குளிக்க ஒரு மறைப்பு இல்ல. இவரு ஒசாகாவுல உக்காந்துக்கினு மரத்தை வெட்டாதங்கறாரு. மரத்துக்குப் பின்னாடியா குளிக்கறது நானு?"

பாய் உடைந்த பென்சிலைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்து அந்த வழக்கில் அவர் தோற்றது அன்றைக்குத்தான். நஸ்ரின்தான் கேட்டாள்:

"மாமி, அப்ப மீதியும் உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? அந்தத் தகரம் தட்டறவன் வந்தா தும்முவாரு. அதுக்கப்புறம் ரசூல் மாமாவுக்கு சலாம்."

என் சட்டைப் பையில் அந்தப் பழைய பென் டிரைவ் இருந்தது. எடுத்துச் சொருகினேன். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்த கச்சேரி தொடங்கியது. கிடாரின் முதல் வெட்டு முடிந்த இடத்தில் பாயம்மா, "ஹலோ, ஹலோ, ஓடுதா?" என்றார். நாற்பது நிமிஷமும் சொன்னார். எங்கே சலாம், எங்கே தின்பது, எங்கே தும்மல் என்று எதுவும் தப்பவில்லை. நான் பொறுக்கி எறிந்த புள்ளிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திரும்ப வைத்துக்கொண்டே போனார். பாய் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, தான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளும் பிரியாணிக்குப் பிறகு இதுதான் நடக்கிறது. ஒசாகாக்காரருக்கும் பதில் அனுப்பிவைத்தேன். கொய்யா மரத்தின் கதையை முழுக்க எழுதியிருந்தேன். தன் மனைவி குளியலறை விஷயத்தில் பாயம்மாவின் கட்சி என்றும், தான் இன்னும் மன்னிக்கவில்லை என்றும் பதில் எழுதினார். எங்கள் வீட்டில் நான் எதைத் துடைக்க எடுத்தாலும், "பாத்து, பாயையும் சேத்துத் தொடச்சிடாதீங்க" என்கிறாள் செல்வி. என் பிள்ளைகளும் இப்போது சொல்லப் பழகிவிட்டன. போன வருஷம் கச்சேரி ஓடும்போது பேஸ் கிடாரைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தைப் பாயின் மூத்த மகன் காதில் சொல்லப்போனேன். கூடமே திரும்பி, பேசாதீங்க என்றது. என்னை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாதது வேறு. அந்த ஆறு நிமிஷத்தை, பாயின் சொந்தக் குரலை, நான் பாடுபட்டுக் கச்சேரியில் அதன் இடத்திலேயே பொருத்தியிருக்கிறேன். அப்போதாவது பாயம்மா சும்மா இருக்கலாமல்லவா? இருக்கமாட்டார். கிடார் உச்சிக்கு ஏறுகிறது, பாயின் குரல் வரப்போகிறது, அதற்கு இரண்டு வார்த்தை முன்னாலேயே "மெஹரு, கேளு" என்று தொடங்கிவிடுகிறார். சோலோவும் போச்சு, குரலும் போச்சு. இந்தத் தடவை பொறுக்கமுடியாமல் பாயிடமே முறையிட்டேன், நீங்களாவது சொல்லக்கூடாதா என்று.

பாய் பென்சிலை எடுத்து எழுதிக் காட்டினார்.

"பேசட்டும்."

சின்ன எழுத்தில்தான் எழுதியிருந்தார்.